நாய் உணவுப் பையின் பின்பக்கம்

நாய் உணவின் தரத்தை அறிய உதவும் விவரங்கள் பெரும்பாலும் பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும். முன்பக்கத்தில் மின்னும் ‘பிரீமியம்’ என்ற சொல்லுக்கு அமெரிக்காவில்கூட சட்ட வரையறை இல்லை. ஆனால் உணவின் பெயருக்கு அங்கே கணக்கு உண்டு. அந்நாட்டுத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ‘ஆஃப்கோ’வின் மாதிரி விதிகளின்படி, ‘சிக்கன் டாக் ஃபுட்’ என்று பெயர் வைத்தால், சேர்த்த தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். ‘சிக்கன் டின்னர்’ என்றால் 25 சதவீதம் போதும்; ‘வித் சிக்கன்’ என்றால் 3 சதவீதம். ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்றால் அளவே கிடையாது, கோழியின் சுவை தெரிந்தால் சரி.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது, இது ‘முழுமையான, சமச்சீர் உணவு’ என்ற வாசகம். எந்த வயது நாய்க்கு என்பதும் அதிலேயே இருக்கும். வளர்ந்த நாயின் உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் குறைந்தது 18 சதவீதமும், குட்டியின் உணவில் 22.5 சதவீதமும் புரதம் தேவை என்கிறது ஆஃப்கோ. இந்தியக் கடைகளில் கிடைக்கும் பல பைகளிலும் இந்தப் பெயரைப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சங்கம் எந்த உணவையும் சோதித்துச் சான்றிதழ் தருவதில்லை. அதன் அளவுகோலை எட்டியிருப்பதாகச் சொல்வது தயாரிப்பாளர்தான்.

அடுத்தது மூலப்பொருள் பட்டியல். சமைப்பதற்கு முந்தைய எடைப்படி, அதிகமானது முதலில் வரும். பச்சைக் கோழி இறைச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். அது வற்றியபின், பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் மக்காச்சோளம் உண்மையில் முதலிடத்துக்கு வந்துவிடலாம். ஏற்கெனவே உலர்த்திப் பொடித்த ‘சிக்கன் மீல்’ அப்படிச் சுருங்குவதில்லை. ‘பை-புராடக்ட்’ என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஈரல், நுரையீரல், சிறுநீரகம் போன்ற சத்துள்ள உறுப்புகளும் அதில் அடங்கும். ‘தானியம் இல்லாதது’ என்பதும் உயர்வுக்கு அடையாளம் அல்ல. பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த சில உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் ஆராயத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை.

மூன்றாவது, சத்து அட்டவணை. புரதம், கொழுப்பு ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவும், நார்ச்சத்து, ஈரப்பதம் ஆகியவற்றின் அதிகபட்ச அளவும் அதில் இருக்கும். உலர் உணவில் புரதம் 24 சதவீதம், ஈரம் 10. டப்பா உணவில் புரதம் 8, ஈரம் 78 என்று வைத்துக்கொள்வோம். பார்த்ததும் உலர் உணவே மேல் என்று தோன்றும். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், முன்னதில் 90 பங்குக்கு 24, அதாவது சுமார் 27 சதவீதம். பின்னதில் 22 பங்குக்கு 8, அதாவது சுமார் 36 சதவீதம்.

இந்த எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறது. அந்த நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்பதை இந்தக் கணக்கு காட்டாது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன் கொண்ட மெலமைன் கலந்த கோதுமைப் புரதம், சீனாவிலிருந்து வட அமெரிக்க ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். 2007இல் அது சேர்ந்த உணவைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. ஏராளமான உணவு வகைகள் திரும்பப் பெறப்பட்டன.

நல்ல உணவும் வீட்டில் கெடலாம். பையைத் திறந்தபின் காற்றுப்பட்டால் கொழுப்பு காறிப்போகும்; ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் உணவை அதன் பையிலேயே இறுக மூடி, ஈரமில்லாத இடத்தில் வைப்பது நல்லது. காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அந்தப் பையில்தான் இருக்கின்றன. நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெறும்போது, வீட்டிலிருப்பதும் அதில் சேர்ந்ததா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் அறிய முடியும்.