சோர்ந்த மனத்துக்கு எந்தப் பாட்டு?

மனம் சோர்ந்தால் பாட்டைத் தேடிப்போகிற வழக்கம் வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் மிக முந்தியது. போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க, வீட்டில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகி, யாழும் மற்றக் கருவிகளும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடுகிறவர்களைப் புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில்கிழார் காட்டுகிறார். பொருநராற்றுப்படையிலோ, வழிப்பறிக் கள்வர்கள்கூடப் பாலைப் பண்ணைக் கேட்டதும் கையிலிருந்த ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுகிறார்கள். பாட்டு மனத்தை மாற்றும் என்பதில் எந்தக் காலத்திலும் ஐயம் இருந்ததில்லை. எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்குத்தான் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாகச் சோதனை செய்து விடை தேடிவருகிறார்கள்.

உடம்பு முதலில் பிடித்துக்கொள்வது வேகத்தை. அமெரிக்க உளவியலாளர் கேட் ஹெவ்னர் 1930களில் ஒரே இசைத்துண்டை வேகம் மாற்றியும் சுரங்களை மாற்றியும் வாசிக்கச் செய்து, கேட்டவர்களின் உணர்வைக் குறித்துவைத்தார். வேகத்தை மாற்றியபோதுதான் அவர்கள் சொன்ன உணர்ச்சி அதிகம் மாறியது. மனிதர் இயல்பாக நடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு எட்டு வைக்கிறார், அதாவது நிமிடத்துக்கு 120. ஆட்டத்துக்கென்று போடும் பாட்டுகளில் பல இந்த எண்ணைச் சுற்றியே வருகின்றன. அசையாமல் உட்கார்ந்து கேட்பவரின் மூளையிலும் கைகால் அசைவுக்குரிய பகுதிகள் தாளத்தோடு சேர்ந்து வேலைசெய்வதை ஸ்கேன் படங்களில் பார்க்கலாம். காலால் தாளம் போடுவது அதன் வெளி அடையாளம், அவ்வளவுதான்.

வேகம் மட்டும் போதாது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் பலவகை டிரம் தாளங்களைப் போட்டுக்காட்டி, எது ஆடத் தூண்டுகிறது என்று கேட்டார்கள். அச்சுப் பிசகாமல் ஒரே சீராக விழும் தாளம் சலிப்பூட்டியது. கண்டபடி சிதறிய தாளம் குழப்பியது. எதிர்பார்த்த இடத்துக்குச் சற்று முன்போ பின்போ அவ்வப்போது தட்டு விழுந்து, அடிப்படை நடை குலையாமல் இருந்த நடுத்தர வகைதான் அதிகம் பிடித்தது. திஸ்ர நடையில் துள்ளும் குத்துப் பாட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தாளத்தின் இந்தச் சக்தியைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியதற்குப் புகழ்பெற்ற சான்று பிரிட்டனில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூனில், ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்காக ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்ற நிகழ்ச்சியை பிபிசி தொடங்கியது. நாளுக்கு இரண்டு முறை, அரை மணி நேரம், ஒலிபெருக்கியில் இடைவிடாத துள்ளலிசை. மெதுவான பாட்டு தூக்கம் வரவழைக்கும் என்று ஒதுக்கினார்கள். ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்ஸஸ்’ என்ற பாட்டை ஒதுக்கியதற்குக் காரணம் நேர் எதிரானது. அதில் கைதட்ட வேண்டிய இடங்கள் உண்டு. தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டுவார்கள், கருவிகளால் இயந்திரத்தைத் தட்டுவார்கள் என்று அஞ்சினார்கள். போர் முடிந்த பிறகும் நிகழ்ச்சி நிற்கவில்லை. 1967 வரை ஓடியது. நாற்று நடுகையிலும் ஏற்றம் இறைக்கையிலும் துடுப்புப் போடுகையிலும் பாடிய நம்மவர்களுக்குப் பாட்டையும் வேலையையும் இணைக்க ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

அடுத்தது சுரம். இங்கேதான் அவசர முடிவுகள் அதிகம். மேற்கத்திய இசையில் மேஜர் வரிசை மகிழ்ச்சிக்கு, மைனர் வரிசை சோகத்துக்கு என்று பழகியிருக்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால் இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு காந்தாரத்தில் இருக்கிறது: மேஜரில் அந்தர காந்தாரம், மைனரில் சாதாரண காந்தாரம். அந்தக் கணக்கை அப்படியே நம்பினால் சாதாரண காந்தாரம் கொண்ட சண்முகப்பிரியா சோக ராகமாக இருந்திருக்க வேண்டும். அந்த ராகத்தில் அமைந்த ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ பாட்டைத் தில்லானா மோகனாம்பாளில் (1968) கேட்டு யாரும் கண்கலங்கியதில்லை. மோகனத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ‘கண்ணன் ஒரு கைக்குழந்தை’ (பத்ரகாளி, 1976), ‘நின்னுக்கோரி வர்ணம்’ (அக்னி நட்சத்திரம், 1988) இரண்டும் இளையராஜா மோகனத்தில் அமைத்தவை. முன்னது தாலாட்டுகிறது, பின்னது துள்ளி எழச் செய்கிறது. ராகம் ஒன்றுதான். வேகமும் தாளமும் கருவிகளும் குரலும் சேர்ந்து அதை வேறொன்றாக்கிவிட்டன.

இதனால் எல்லாமே பழக்கம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. கேமரூன் நாட்டு மலைகளில் வாழும் மாஃபா மக்களில் மேற்கத்திய இசையைக் கேட்டே அறியாதவர்களுக்கு அந்த இசையைப் போட்டுக்காட்டி ஒரு ஜெர்மன் குழு 2009இல் ஆய்வு வெளியிட்டது. மகிழ்ச்சி, சோகம், அச்சம் மூன்றையும் அவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள். மகிழ்ந்தவர் பேச்சு விரைவாகவும் உரக்கவும் வரும், வருந்துகிறவர் பேச்சு தாழ்ந்து இழுபடும். இசையும் அந்தச் சாயலை எடுத்துக்கொள்கிறது. எந்த நாட்டுக் காதுக்கும் இவ்வளவு எட்டும். அதற்கு மேல் உள்ளது அவரவர் ஊர்ப் பழக்கம்.

மனம் பூரிக்கும் அந்தக் கணத்தில் மூளையில் என்ன நடக்கிறது என்பதை மிக விரிவாக ஆராய்ந்தவர்கள் கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சட்டோரே குழுவினர். 2011இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், தங்களுக்கு மெய்சிலிர்க்கும் இசையைக் கேட்பவர்களே தேர்ந்து கொண்டுவந்தார்கள். உணவு, பணம் போன்றவை கிடைக்கும்போது சுரக்கும் டோபமைன் இசைக்கும் சுரந்தது. அது இரண்டு கட்டமாகச் சுரந்தது என்பதுதான் அந்த ஆய்வின் சிறப்பு. பிடித்த இடம் வந்ததும் மூளையின் ஒரு பகுதியில் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பே, ‘இதோ வரப்போகிறது’ என்று காத்திருக்கையில், வேறொரு பகுதியில் சுரந்தது. டோபமைனைக் கூட்டும் மருந்து கொடுத்தால் இசையின் இன்பம் கூடுகிறது, தடுக்கும் மருந்து கொடுத்தால் குறைகிறது என்பதை 2019இல் இன்னொரு சோதனை உறுதிசெய்தது.

காத்திருப்பே பாதி இன்பம் என்பதை நல்ல இசையமைப்பாளர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிவார்கள். தளபதி (1991) படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாட்டில் ஆட்டம் உச்சத்துக்குப் போனபின் சட்டென்று அப்பர் தேவாரம் குறுக்கிடுகிறது. பாட்டைத் தெரிந்தவர் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே, தாளம் எப்போது திரும்பும் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார். திரும்பியதும் வருகிற மகிழ்ச்சி, முன்பே வந்ததைவிடப் பெரியது. முன்பின் கேட்காத பாட்டைவிட நூறு முறை கேட்ட பாட்டு சோர்வை விரைவில் போக்குவதற்கும் இதுவே காரணம். அடுத்து வருவது தெரிந்தால்தான் காத்திருக்க முடியும்.

எல்லாருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. காது நன்றாகக் கேட்கும், சுருதி தப்பினால் தெரியும், மற்ற இன்பங்களிலும் குறையில்லை, ஆனால் எந்தப் பாட்டும் மனத்தைத் தொடாது என்கிறவர்கள் உண்டு. பார்சிலோனாவில் நடந்த ஆய்வு 2014இல் இவர்களைத் தனியே அடையாளம் கண்டது. நூற்றுக்கு ஐந்து பேர் வரை இப்படி இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களை ரசனை கெட்டவர்கள் என்று ஏசுவது நியாயமில்லை.

நினைவும் பெரிய பங்கு வகிக்கிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் கேட்ட பாட்டுகளே பிற்காலத்தில் மிகத் தெளிவாகவும் உணர்ச்சியோடும் நினைவில் எழுகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ‘அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?’ என்று விஸ்வநாதன்–ராமமூர்த்தியைக் கேட்டு வளர்ந்தவரும் சொல்கிறார், ரஹ்மானைக் கேட்டு வளர்ந்தவரும் சொல்கிறார். இருவரும் தம் இளமையைத்தான் புகழ்கிறார்கள்.

கூடிப் பாடுவதற்குத் தனிப் பலன் உண்டு. சேர்ந்து பாடியவர்களும் ஆடியவர்களும் வலியைக் கூடுதலாகத் தாங்குவதை ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பர் குழு அளந்து காட்டியது. உடம்பே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபின் அப்போது கூடுவதே காரணம் என்பது அவர்கள் கருத்து. இன்று ஆட்டத்துக்குப் போடும் கானா, வடசென்னையில் இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் கண்விழித்தவர்களுக்கு நடுவே பாடப்பட்டது. துக்க வீட்டில் பறை அடித்து ஆடுவதை விநோதமாகப் பார்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

துக்கத்தில் இருப்பவர் துள்ளல் பாட்டைத் தேடுவதும் குறைவு. 772 பேரிடம் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், சோகப் பாட்டு தரும் உணர்வாக அதிகம் பேர் சொன்னது பழைய நினைவின் ஏக்கம். வெறும் வருத்தம் அதற்குப் பின்தான் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1940களில் வகுத்த முறையை இசைச் சிகிச்சையாளர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். நோயாளி இப்போது இருக்கும் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, படிப்படியாக வேகத்தையும் சுரத்தையும் மாற்றி, விரும்பிய நிலைக்கு அழைத்துவருவது அந்த முறை. வீட்டில் கேட்பவருக்கும் இது பயன்படும்: முதல் பாட்டு மனத்தோடு ஒத்துப்போக வேண்டும், நாலாவது ஐந்தாவது பாட்டில் தாளம் ஏறலாம். பட்டதையே திரும்பத் திரும்ப எண்ணிக் குமைகிற இயல்புள்ளவர்கள் சோகப் பாட்டிலேயே தங்கிவிட்டால் நிலை மோசமாகலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த பாட்டுக்கு நகர்வது மிக அவசியம்.

இசையின் பெயரால் நடக்கும் மிகையான விளம்பரங்களையும் சொல்லியாக வேண்டும். மொஸார்ட்டின் ஒரு சொனாட்டாவைக் கேட்ட கல்லூரி மாணவர்கள், வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் தேர்வில் சில நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றதாக 1993இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. ‘மொஸார்ட் கேட்டால் அறிவு வளரும்’ என்று அது ஊரெல்லாம் பரவியது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க நிதி கேட்டார். பிறகு கனடா ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஸ்டீபன் கிங் கதையைக் கேட்க விரும்பியவர்களுக்கு அந்தக் கதையே அதே பலனைத் தந்தது. பிடித்ததைக் கேட்டதால் மனம் மலர்ந்தது, மலர்ந்த மனம் தேர்வைச் சற்று நன்றாக எழுதியது. மொஸார்ட்டுக்கு இதில் தனி மகிமை இல்லை.

இந்த நோய்க்கு இந்த ராகம் என்று கைபேசிகளில் சுற்றும் பட்டியல்களுக்கும் இதே தீர்ப்புத்தான். பிலஹரி மனத்துக்குத் தெம்பு தரலாம், நீலாம்பரி தூங்க வைக்கலாம். அந்த ராகங்களை அப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கே அது பொருந்தும். யாரோ எழுதிக்கொடுத்த பட்டியலைவிட, கேட்பவர் தாமே பொறுக்கிய ஐந்து பாட்டு நன்றாக வேலை செய்யும்.

மனச்சோர்வு நோயாகிவிட்ட நிலையில் பாட்டு மட்டும் போதாது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் தரும் இசைச் சிகிச்சையை வழக்கமான மருத்துவத்தோடு சேர்த்தால் கூடுதல் பலன் கிடைப்பதாக, ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு சொல்கிறது. அதுவும் குறுகிய காலப் பலன்தான். பிடித்த பாட்டுகூடப் பிடிக்காமல் போய், அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.