தொட்டிக் கடலுக்குக் கரி வேண்டுமா?

“அண்ணா, வடிகட்டிக்குக் கரி தீர்ந்துவிட்டது. வாங்கி வரட்டுமா?” என்று முதலாண்டுத் தம்பி ஒருவர் சென்ற மாதம் கேட்டார். “பொறு தம்பி, வேண்டுமா என்று பார்ப்போம்” என்றேன். அப்படிச் சொல்லும் துணிவு எனக்கு எளிதில் வந்ததன்று.

டில்லிக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருநூறு லிட்டர்க் கடல் ஒன்று இருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கலந்து நாங்களே ஆக்கிய கடல்! இன்று அதற்கு இரண்டு வயது. அதில் நான்கு கோமாளி மீன்கள் வாழ்கின்றன. முதலில் ஆறு இருந்தன. இரண்டை இழந்தது என் அறியாமையால்.

மீன் வெளியிடும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. நன்னீர்த் தொட்டியில் அதைச் சியோலைட் என்னும் கனிமம் ஈர்த்துக்கொள்ளும். அதை நம்பி இத்தொட்டியிலும் இட்டேன். கடல்நீரிலோ சோடியம் அயனிகள் பெருங்கூட்டமாய் வந்து அதன் இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. பொங்கலுக்கு ஊர் செல்லும் ரயிலில் கடைசியாக ஏறியவனுக்கு இடமேது? அம்மோனியா நீரிலேயே நின்றது. மூன்றாம் நாள் காலையில் கண்டதை எழுத மனமில்லை.

அம்மோனியாவை ஒழிப்பவை நுண்துளைக் கற்களில் குடியேறும் பாக்டீரியாக்களே. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அந்தப் பொறுமை அன்று எனக்கு இல்லை.

அப்படியானால் கரி எதற்கு? கிளர்வூட்டிய கரி ஒரு கிராமின் நுண்துளைகளை விரித்துப் பரப்பினால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குக்கூட வரும். நீரை மஞ்சளாக்கும் கரிமப் பொருள்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. நோய்க்கு இட்ட மருந்தின் எச்சத்தையும் அது பற்றும். பாட்டிமார் பானையில் உரைக்கும் தேற்றாங்கொட்டையோடு இதைக் குழப்பலாகாது. கொட்டை கலங்கலைப் படியவைக்கும்; கரி கரைந்திருப்பதைப் பிடிக்கும். சில வாரங்களில் துளைகள் நிரம்பிவிட்டால் அது வெறும் கல்தான்.

நான்கு வாரம் கரியில்லாமல் விட்டோம். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். பிறகு தொட்டி நீரையும் புதிதாய்க் கலந்த உப்புநீரையும் இரண்டு உயரமான கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, வெள்ளைத்தாளின்மேல் வைத்து, மேலிருந்து நோக்கினோம். நிறத்தில் வேறுபாடு தெரியவில்லை. கரிக்கு விடைகொடுத்தோம். மருந்திட நேர்ந்தால் உதவட்டுமென்று ஒரு புட்டி மட்டும் அலமாரியில் இருக்கிறது.

பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடுக் குருணை விஷயம் வேறு. அதையும் எடுத்த சில நாட்களில் கண்ணாடியெங்கும் பச்சைப் பாசி! நைட்ரேட்டாவது பிராணவாயு இல்லாத இடுக்குகளில் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறலாம். பாஸ்பேட்டுக்கு அவ்வழியும் இல்லை. தீனியோடு வருகிறது, தங்கிவிடுகிறது. ஆகவே தீனியைக் குறைத்தோம். உறைந்த இறாலைக் கழுவிப் போடுகிறோம். குருணையும் பாதியளவில் திரும்ப வந்துவிட்டது.

தம்பி வாரம் ஒருமுறை பாஸ்பேட்டை அளந்து சுவரில் குறித்து வருகிறார். அடுத்த மாதம் குருணையையும் எடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. நான் இன்னும் இசையவில்லை.