குறைந்தபட்சச் சம்பளம் போதும்! - சொந்த ஊர் அணியைக் கரைசேர்த்த சான்டி கஸோர்லா

ஸ்பெயின் கால்பந்து வீரர் சான்டி கஸோர்லாவின் வலது கணுக்காலுக்கு அருகே பச்சை குத்திய எழுத்துகள் சில தெரியும். அவை அங்கே குத்தப்பட்டவை அல்ல. இடது முன்கையில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார் அவர். அந்த இடத்துத் தோலை வெட்டியெடுத்து, கிருமிகளால் அழுகிப்போன காலில் ஒட்டினார்கள் மருத்துவர்கள். பெயரில் ஒரு பகுதி கையிலேயே தங்கிவிட, இன்னொரு பகுதி காலுக்கு வந்துவிட்டது.

'இனி மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்தி அடைந்துகொள்ளுங்கள்' என்று மருத்துவர் சொன்ன கால் அது. அதே காலோடு 2025 ஜூன் 21-ம் தேதி, 40 வயதில் களமிறங்கி, 24 ஆண்டுகளாக ஸ்பெயினின் முதல் பிரிவுக்குள் நுழைய முடியாமல் தவித்த தன் ஊர் அணியை உள்ளே அழைத்துப்போனார் கஸோர்லா. அதுவும், விதிப்படி கொடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்துக்கு!

திவாலான கிளப், வெளியேறிய பையன்

ஸ்பெயினின் வடக்குக் கடலோரத்தில் இருக்கிறது அஸ்தூரியாஸ். மலையும் மழையும் நிலக்கரிச் சுரங்கமுமாக இருந்த மாகாணம். அதன் தலைநகர் ஒவியேதோ. பக்கத்திலேயே இருக்கும் லுகோ தே யனேரா என்ற சிற்றூரில் 1984 டிசம்பர் 13 அன்று பிறந்தார் கஸோர்லா. அந்தப் பகுதிப் பையன்களுக்குக் கால்பந்து என்றால் 'ரியல் ஒவியேதோ'தான். 1926-ல் தொடங்கப்பட்ட கிளப். அதன் இளையோர் பயிற்சிக் கூடத்தில்தான் கஸோர்லா ஆட்டம் கற்றார்.

அவருக்கு 18 வயது ஆனபோது, 2003-ல், கிளப் நொறுங்கியது. ஆட்டத்தில் தோற்று இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது ஒரு அடி. வீரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்ததற்குத் தண்டனையாக நான்காம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது அடுத்த அடி. சம்பளம் கொடுக்கவே வழியில்லாத இடத்தில் பையன்கள் எப்படி நிற்பார்கள்? பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். பின்னாளில் உலகக்கோப்பை வென்ற அணியில் இருந்த ஹுவான் மாட்டா, ரியல் மாட்ரிட் பக்கம் போனார். கஸோர்லா, கிழக்குக் கடலோரத்தில் சுமார் 50,000 பேர் மட்டுமே வாழும் சின்ன ஊரான வில்லாரியலுக்குப் போனார்.

ஒவியேதோவின் சீனியர் அணிக்காக ஒரு போட்டிகூட ஆடாமல்தான் அவர் ஊரைவிட்டுக் கிளம்பினார். இது அவருக்குள் ஆறாமலே கிடந்தது.

எது வலது, எது இடது?

கஸோர்லாவின் உயரம் 168 சென்டிமீட்டர். ஆறடிக்காரர்கள் மோதும் களத்தில் இது குறைவுதான். ஆனால், மிட்ஃபீல்டரின் வேலைக்கு உயரத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தடுப்பாட்டத்துக்கும் தாக்குதலுக்கும் நடுவே நின்று, நாலு பக்கமும் எதிராளிகள் நெருக்கும்போது பந்தை இழக்காமல் சரியான ஆளிடம் சேர்க்க வேண்டும். பெரும்பாலான வீரர்களுக்கு ஒரு கால்தான் நல்ல கால். அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டால் தடுமாறுவார்கள். கஸோர்லாவை அப்படி அடைக்க முடியாது. கார்னர், ஃப்ரீ கிக் இரண்டையும் எந்தக் காலாலும் அடிப்பார். இவருடைய நிஜமான கால் எது என்று ரசிகர்கள் விவாதித்தே காலம் போனது.

2006-ல் ரெக்ரியாத்திவோ அணிக்குப் போய் ஒரு சீசன் ஆடினார். அந்தச் சிறிய அணி லா லிகாவில் எட்டாவது இடம் பிடித்தது. வில்லாரியல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2007-08 சீசனில் அந்தச் சின்ன ஊர் அணி, பார்சிலோனாவைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடம் பிடித்தது. அந்தக் கோடையிலேயே ஸ்பெயின் அணியோடு யூரோ 2008-க்குப் போனார். காலிறுதியில் இத்தாலியோடு பெனால்டி ஷூட் அவுட். ஸ்பெயினின் இரண்டாவது பெனால்டியை அடிக்க வந்தவர், தேசிய அணிக்கு அப்போதுதான் வந்திருந்த 23 வயது கஸோர்லா. கோல்! ஸ்பெயின் 44 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பிய சாம்பியன் ஆனது. 2012-ல் மீண்டும் ஐரோப்பிய சாம்பியன் ஆன அணியிலும் இருந்தார். இடையில் 2010 உலகக்கோப்பையை மட்டும் காயம் பறித்துக்கொண்டது.

2011-ல் மலாகா. அவர் ஆடிய ஒரே சீசனில் அந்த அணி நான்காவது இடத்துக்கு வந்தது. ஆனால் அங்கேயும் பணப் பிரச்னை. 2012 ஆகஸ்ட்டில் லண்டனின் ஆர்சனல் கிளப்புக்கு விற்கப்பட்டார். ஆர்சனலோ ஒன்பது ஆண்டுகளாகக் கோப்பை எதுவும் வெல்லாமல் இருந்தது. 2014 மே 17, எஃப்.ஏ கோப்பை இறுதிப்போட்டி. எட்டு நிமிடங்களுக்குள் ஹல் சிட்டி அணி இரண்டு கோல் போட்டுவிட்டது. 17-வது நிமிடம் ஃப்ரீ கிக். கஸோர்லா அடித்த பந்து வலைக்குள் பாய்ந்தது. அங்கிருந்து மீண்ட ஆர்சனல் 3-2 என வென்றது. அடுத்த ஆண்டும் அதே கோப்பை.

கால் போன கதை

2013 செப்டம்பரில் சிலியோடு நடந்த நட்புப் போட்டியில் அவருடைய வலது கணுக்காலில் ஒரு அடி விழுந்தது. பார்க்கச் சாதாரணமானதுதான். வலியோடேயே ஆடிக்கொண்டிருந்தார். 2016 அக்டோபர் 19 அன்று லுதோகோரெட்ஸ் அணிக்கு எதிராக ஆடியவர், அதற்குப் பிறகு ஆர்சனல் சட்டையில் களமிறங்கவே இல்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் புண் ஆறவில்லை. தையல் போட்டால் பிரிந்துகொள்ளும். மறுபடி தைத்தால் மறுபடி பிரியும். ஒன்றல்ல, எட்டுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். உள்ளே கிருமித்தொற்று புகுந்து கால் அழுகத் தொடங்கியிருந்தது. கெண்டைக்காலைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நாணுக்கு அக்கிலிஸ் என்று பெயர். நடக்கவும் ஓடவும் தாவவும் அதுதான் ஆதாரம். பாக்டீரியாக்கள் அந்த நாணில் சுமார் 8 சென்டிமீட்டரைத் தின்றுவிட்டன. குதிகால் எலும்பையும் விட்டுவைக்கவில்லை. தோட்டத்தில் நடந்தால் போதும் என்று மருத்துவர் சொன்னது அப்போதுதான். அவருடைய பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர், தான் பார்த்ததிலேயே மோசமான காயம் இதுதான் என்றார்.

2017-ல் ஸ்பெயின் திரும்பி, விட்டோரியா நகரின் அறுவை சிகிச்சை நிபுணர் மிகேல் சான்செஸிடம் போனார் கஸோர்லா. காலையே இழக்க நேரிடும் என்ற பயம் இருந்த நாள்கள் அவை. கிருமிகளை ஒழித்து, நாணைப் புதிதாகக் கட்டியெழுப்பி, மேலே மூட முன்கைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். மகளின் பெயர் இடம் மாறியது அப்படித்தான். பிறகு குடும்பத்தைப் பிரிந்து சாலமாங்கா நகரில் தங்கிப் பயிற்சி. முதலில் நடை, பிறகு ஓட்டம், அதற்கும் பிறகுதான் பந்து.

2018 கோடையில் ஆர்சனல் ஒப்பந்தம் முடிந்தது. 33 வயது, ஒட்டுப்போட்ட கால். யார் எடுப்பார்கள்? வில்லாரியல் எடுத்தது. முதலில் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். ஜூலை 17 அன்று ஹெர்குலிஸ் அணியோடு நட்புப் போட்டியில் களமிறங்கினார். கடைசியாக ஆடியதிலிருந்து 636 நாள்கள் கடந்திருந்தன. ஒப்பந்தமும் கிடைத்தது. மேடையில் காலியாக இருந்த கண்ணாடிக் குழாயில் புகை நிரம்பி விலக, உள்ளே கஸோர்லா நின்றார். கிளப் அவரை ரசிகர்கள்முன் அறிமுகப்படுத்த ஏற்பாடு செய்திருந்த மேஜிக் அது!

அடுத்து நடந்ததில் மேஜிக் எதுவும் இல்லை. எல்லாம் உழைப்பு. 2019 ஜனவரி 3 அன்று ரியல் மாட்ரிட்டோடு 2-2 என டிரா. வில்லாரியலின் இரண்டு கோல்களும் கஸோர்லாவுடையவை. அதில் ஒன்றைத் தலையால் முட்டிப் போட்டார், அந்த 168 சென்டிமீட்டர் மனிதர். தேசிய அணி மீண்டும் அழைத்தது. 2019-20 லா லிகாவில் மட்டும் 11 கோல். பிறகு கத்தாரின் அல் சாத் கிளப்பில் மூன்று ஆண்டுகள். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஸ்பெயின் அணியில் அவரோடு ஆடிய சாவி.

பங்கு வாங்கிய பிள்ளைகள்

ஒவியேதோ என்ன ஆனது? 2012-ல் அதற்கு மறுபடியும் உயிர் ஊசலாடியது. சுமார் 20 லட்சம் யூரோ திரட்டாவிட்டால் கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான். ஒரு பங்கு 10.75 யூரோ என்று பொதுமக்களிடம் விற்க ஆரம்பித்தார்கள். அங்கிருந்து பிரிந்துபோன பிள்ளைகள் அப்போது இங்கிலாந்தில் பெரிய பெயர்களாக இருந்தார்கள். ஆர்சனலில் கஸோர்லா, செல்சியில் மாட்டா, ஸ்வான்சியில் மிச்சு. மூவரும் பங்கு வாங்கினார்கள். செய்தி பரவி, ஒவியேதோ எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள்கூடப் பல நாடுகளிலிருந்து வாங்கினார்கள். கடைசியில் மெக்ஸிகோ கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிம் பணம் போட, கிளப் பிழைத்தது. 2015-ல் இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அதற்கு மேல் ஏற முடியவில்லை.

2023 ஆகஸ்ட்டில் அங்கே திரும்பினார் கஸோர்லா. 38 வயது. சம்பளமே வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால், தொழில்முறை வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளமாவது தந்தாக வேண்டும் என்கிறது விதி. 'சரி, அதையே கொடுங்கள்' என்றார். கூடவே ஒரு நிபந்தனை. தன் பெயர் போட்ட ஜெர்ஸி விற்பனையில் 10 சதவிகிதம், கிளப்பின் இளையோர் பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டும்.

இதைத் தியாகம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஐரோப்பாவிலும் கத்தாரிலும் நன்றாகச் சம்பாதித்தவருக்கு இது பெரிய இழப்பு இல்லை என்று கணக்குப் பார்ப்பதும் சுலபம். ஆனால், சம்பளம் கொடுக்க முடியாததால் வீழ்ந்த கிளப் அது. அந்தக் கிளப்பிடம் வந்து, 'எனக்காகச் செலவு செய்யாதீர்கள், அடுத்த பையன்களுக்குச் செய்யுங்கள்' என்று அதனால் வெளியேற நேர்ந்தவரே சொல்கிறார். அந்த 10 சதவிகிதத்தின் அர்த்தம் இதுதான்.

கடைசிப் படி

முதல் சீசனிலேயே வாசல்வரை வந்துவிட்டார்கள். ஸ்பெயின் இரண்டாம் பிரிவில் முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும். அடுத்த நான்கு அணிகள் 'பிளே ஆஃப்' ஆடி, ஒன்று மட்டும் போகும். 2024 ஜூனில் பிளே ஆஃப் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் எஸ்பான்யோலை 1-0 என வென்ற ஒவியேதோ, இரண்டாவது ஆட்டத்தில் 0-2 என்று தோற்றது. 39 வயதான கஸோர்லா அங்கேயே விடைபெற்றிருக்கலாம். இன்னும் ஒரு வருடம் என்றார்.

2025 ஜூன். மீண்டும் பிளே ஆஃப், மீண்டும் இறுதிச் சுற்று. எதிரே மிரான்டெஸ். வெளியூரில் நடந்த முதல் ஆட்டத்தில் 0-1 தோல்வி. ஜூன் 21 அன்று சொந்த மைதானமான கார்லோஸ் தார்த்தியேரேவில் இரண்டாவது ஆட்டம். சுமார் 30,000 பேர் நிரம்பிய அரங்கில், 16-வது நிமிடமே மிரான்டெஸ் இன்னொரு கோல் போட்டது. மொத்தக் கணக்கில் 0-2. போன வருடக் கதையேதானா என்று அரங்கம் உறைந்தது.

39-வது நிமிடம் ஒவியேதோவுக்குப் பெனால்டி. பந்தைக் கையில் எடுத்தவர் கஸோர்லா. 17 ஆண்டுகளுக்கு முன் இத்தாலிக்கு எதிராக அடித்தபோது அவர் அணியிலேயே இளையவர்களில் ஒருவர். இப்போது களத்திலேயே மூத்தவர். கோல்! இடைவேளைக்குப் பிறகு இலியாஸ் சைரா இன்னொரு கோல் போட, கணக்கு நேரானது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 103-வது நிமிடம் பிரான்சிஸ்கோ போர்தியோ மூன்றாவது கோலைப் போட்டார். மலாகாவில் கஸோர்லாவோடு ஆடியவர்தான் அவரும். அன்று அணியின் பயிற்சியாளர் வெல்கோ பாவ்னோவிச். ஒவியேதோ கடைசியாக முதல் பிரிவில் ஆடிய 2000-01 சீசனில் அந்த அணியின் வீரராக இருந்தவர் அவர். விட்ட இடத்திலேயே பிடித்தார்.

மேலே ஏற்றிவிட்டாயிற்று, இனி ஓய்வு என்றும் கஸோர்லா சொல்லவில்லை. லா லிகாவில் ஆட இன்னும் ஓர் ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார். 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒவியேதோவின் முதல் லா லிகா ஆட்டம் 2025 ஆகஸ்ட் 15 அன்று, யாரோடு தெரியுமா? 18 வயதில் அவருக்கு அடைக்கலம் கொடுத்து, ஒட்டுப்போட்ட காலோடு வந்தபோதும் கதவைத் திறந்த அதே வில்லாரியலோடு, அவர்கள் மைதானத்திலேயே! 0-2 எனத் தோற்றது ஒவியேதோ. பரவாயில்லை. 2003-ல் நான்காம் பிரிவில் கிடந்த ஊருக்கு, அந்த மைதானத்தில் தோற்பதற்கே 22 ஆண்டுகள் பிடித்தன.