விரல் கற்றுக்கொள்ள நாளாகும்!

''எனக்கு வீணை வரவே வராதும்மா. நாளையிலேர்ந்து கிளாஸுக்குப் போக மாட்டேன்!''

பக்கத்து வீட்டுப் பத்து வயசுப் பெண் அழுதாள். ஒரு வருஷமாகியும் சரளி வரிசை, ஜண்டை வரிசையிலேயே இருக்கிறாள். கூடச் சேர்ந்த பெண்ணோ கீதத்துக்குப் போய்விட்டாள். ''அவளுக்குப் பிறவி ஞானம். இவளை நிறுத்திடலாமா?'' என்றார் அம்மா, என்னிடம்.

அவசரப்படாதீங்க!

புதிதாகக் கற்கும்போது எந்த மெட்டு, எந்த விரல், எவ்வளவு அழுத்தம் என்று ஒவ்வொன்றையும் மூளை யோசித்து யோசித்துச் செய்கிறது. குழந்தை சீக்கிரம் களைத்துப் போவது அதனால்தான். தினமும் பழகப் பழக, சிறுமூளையும் மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகளும் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. அப்புறம் விரல் தானாகப் போகும். பாட்டி ஊர்க்கதை பேசிக்கொண்டே இழை பிசகாமல் கோலம் போடுகிறாரே, அது போல!

1995-ல் ஜெர்மனியில் வயலின் போன்ற தந்தி வாத்தியக்காரர்களைப் பரிசோதித்தார்கள். இடது கை விரல்களின் தொடு உணர்வுக்கு மூளையில் உள்ள இடம், மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு இன்னும் அதிகம்!

ஒருத்தருக்குச் சீக்கிரம் வரும், ஒருத்தருக்குத் தாமதமாகும். பழகாமல் யாருக்கும் வராது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

* ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினமும் இருபது நிமிஷம் மேல்.

* தடுக்குகிற இடத்தை மட்டும் முதல் காலத்தில் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். வேகமாகத் தப்பாக வாசித்தால் தப்பும் பழகிவிடும்!

* தூக்கத்தைக் குறைக்காதீர்கள். பகலில் பழகியதை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

* விரல் நுனி காய்த்துப் போவது சகஜம். ஆனால் மணிக்கட்டு, தோள் வலித்தாலோ, விரல் மரத்துப் போனாலோ வாசிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 'வலியைப் பொறுத்துக்கோ' என்று சொல்லவே கூடாது.

* அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். போன மாசம் எப்படி, இந்த மாசம் எப்படி என்று பாருங்கள்.

அந்த அம்மா ''சரி, ஆறு மாசம் பார்க்கலாம்'' என்றார். நாலாவது மாசம், ஒரு சாயங்காலம். கூடத்தில் வீணைச் சத்தம். நடுவே அந்தப் பெண்ணின் குரல்:

''இன்னிக்கு என்னம்மா டிபன்?''

கேட்டாளே தவிர, விரல் நிற்கவில்லை!