மடியில் நாய், கையில் ஸ்டீயரிங்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தால் தெரியும். ஓட்டுபவர் மடியில் பொமரேனியன் உட்கார்ந்திருக்கும். பின் ஜன்னலில் லாப்ரடார் பாதி உடம்பை வெளியே நீட்டியிருக்கும். வண்டியில் எல்லாரும் பெல்ட் போட்டிருப்பார்கள், நாயைத் தவிர.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதன்மீதாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கும் எதுவும் அதே வேகத்தில் முன்னால் பாயும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழுகிற வேகம் அது. 25 கிலோ நாய் அப்படிப் பாய்ந்து முன் இருக்கைக்காரரின் பிடரியில் மோதினால் என்ன ஆகும்? மடியில் இருக்கும் சின்ன நாய்க்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். கண் இமைப்பதற்குள் விரியும் ஏர்பேக்குக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவே சிக்குவது அதுதான்.

மோதாவிட்டாலும் ஆபத்து உண்டு. பிரேக் பெடலுக்கு அடியில் புகுந்துகொள்ளும் குட்டி, பக்கத்து லாரியின் ஹாரனுக்கு மிரண்டு ஓட்டுபவர் மேல் தாவும் நாய், பவர் ஜன்னல் பொத்தானைக் காலால் மிதித்துத் தன் கழுத்தையே நெரித்துக்கொள்ளும் நாய் என்று பல விதம். விபத்துக்குப் பிறகு கதவு திறந்ததும் மிரண்ட நாய் நேராக நெடுஞ்சாலைக்குத்தான் ஓடும். ஓடாமல் நின்றால், எஜமானைத் தூக்க வரும் 108 ஊழியரையே கடிக்கப் பாயலாம்.

நம்மில் பலர் செய்வது, கழுத்துப்பட்டையில் சங்கிலியை மாட்டிக் கைப்பிடியில் கட்டிவிடுவது. இது கட்டாமல் விடுவதைவிட மேல் என்று சொல்ல முடியாது. சடன் பிரேக்கில் மொத்த எடையும் கழுத்தில் இறங்கும். கட்ட வேண்டிய இடம் மார்பு. மார்பைச் சுற்றி அகலப் பட்டை வரும் ஹார்னெஸை மாட்டி, அதைக் குட்டையான வாரால் பின் இருக்கை பெல்ட்டோடு இணைக்க வேண்டும். நாய் உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும். முன் இருக்கையை எட்டக் கூடாது. வார் நீளமாக இருந்தால் நாய் அந்த நீளம் முழுக்கப் பறந்துவிட்டுத்தான் நிற்கும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நடைப்பயிற்சி ஹார்னெஸ் வேறு, மோதலைத் தாங்கும் ஹார்னெஸ் வேறு. அமெரிக்காவில் ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ அமைப்பு 2013-ல் பொம்மை நாய்களை வைத்து மோதல் சோதனை நடத்தியபோது, பாதுகாப்பானது என்று விற்கப்பட்ட பல ஹார்னெஸ்கள் தாக்குப்பிடிக்கவில்லை. அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், மோதல் சோதனை செய்யப்பட்டதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். சின்ன நாய், பூனைக்குக் கூண்டு நல்லது. ஆனால் கூண்டையும் அசையாமல் கட்ட வேண்டும். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நாயை நிறுத்திப் போவதற்கு மட்டும் பாதுகாப்பான முறை எதுவும் கிடையாது.

பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித் தொகுப்பில் 57-வது விதி, வண்டியில் நாயைத் தகுந்தபடி கட்டி வைக்கச் சொல்கிறது. ஜெர்மனியில் நாயும் வண்டிச் சுமைக் கணக்கில்தான் வரும். சரியாகக் கட்டாத சுமைக்கு அபராதம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் நாய்க்குப் பெல்ட் என்று தனிப் பிரிவு இல்லை. அதனால் கேட்க ஆளில்லை என்று நினைக்க வேண்டாம். வண்டியைக் கட்டுப்படுத்தத் தடையாக இருக்கும்படி யாரையும் உட்காரவைக்கவோ எதையும் வைக்கவோ ஓட்டுநர் அனுமதிக்கக் கூடாது என்கிறது 125-வது பிரிவு. மடி நாய் இதற்குள் வராது என்று வாதாடுவது கடினம். ஆபத்தாக ஓட்டியதாக 184-வது பிரிவு பாய்ந்தால் முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

நாயின் பக்கம் நிற்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். தேவையற்ற வலியோ துன்பமோ தரும் விதத்தில் விலங்கை வண்டியில் ஏற்றிச் செல்வது அதன் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை தண்டனை 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம்! டீயும் வடையும் வாங்குகிற காசுக்கு யார் பயப்படுவார்கள்? இருந்தாலும், சரக்கு வண்டியில் நாயைக் கழுத்தோடு தொங்கக் கட்டிப் போவதைப் பார்த்தால் வண்டி எண்ணைக் குறித்து, 112-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லலாம்.

வேறொருவரின் கவனக்குறைவால் நடந்த விபத்தில் உங்கள் நாய் காயப்பட்டாலோ இறந்தாலோ, சட்டத்தின் பார்வையில் அது உங்கள் உடைமைக்கு வந்த சேதம். கேட்க வலிக்கும், ஆனால் இழப்பீடு கேட்கும் வழியும் அதுதான். முதல் தகவல் அறிக்கை நகல், கால்நடை மருத்துவரின் சான்று, சிகிச்சை ரசீதுகள், நாய்க்கான மாநகராட்சி உரிமம் இவற்றைச் சேர்த்து வையுங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப்போட, 2019 திருத்தத்தின்படி ஆறு மாதம்தான் அவகாசம். அங்கே எதிர்த்தரப்பு வக்கீல், நாயைக் கட்டியிருந்தீர்களா என்று நிச்சயம் கேட்பார். இல்லை என்றால், உங்கள் பக்கமும் கவனக்குறைவு உண்டு என்று இழப்பீட்டைக் குறைக்கச் சொல்ல அவருக்கு இடம் கிடைத்துவிடும்.