இன்னார் மகன் இன்னார்

சித்தூரில் ஒரு டிடிபி கடை. எனக்கு முன்னால் நின்றவருக்கு அடித்த மனுவையே திரையில் வைத்துக்கொண்டு, அவர் பெயரையும் ஊரையும் அழித்து என்னுடையதைப் போட்டு, ஐந்தே நிமிடத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். ஆபீஸ் கவுன்ட்டரில் அதைப் படித்த குமாஸ்தா தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். முதல் பத்தியில் என் அப்பா பெயர். மூன்றாவது பத்தியில் எனக்கு முன்னால் நின்றவருடைய அப்பா பெயர்.

பழைய கடிதத்தின் மேல் புதுக் கடிதம் எழுதுகிற எவருக்கும் ஒரு நாள் இது நடந்தே தீரும். எது என்றும் நிற்கிற வாசகம், எது ஆளுக்கு ஆள் மாறுவது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லாம் ஒரே கறுப்பு எழுத்து. மாற வேண்டிய இடங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில், 'என்னைத் தொட்டு நிரப்பு' என்று நின்றுகொண்டிருந்தால்? பள்ளிக்கூடக் கேள்வித்தாளில் வருகிற 'கோடிட்ட இடங்களை நிரப்புக' வேலைதான் இது. கணினியில் இதை வார்ப்புரு என்கிறோம், கடைகளில் டெம்ப்ளேட்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. பெயர் வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, கன்ட்ரோலுடன் எஃப்2 விசையை அழுத்தினால் ஃபீல்டு பெட்டி திறக்கும். அதில் ஃபங்ஷன்ஸ் பக்கத்தில் பிளேஸ்ஹோல்டர், வகை டெக்ஸ்ட். அங்கே 'இன்னார்' என்று அடித்துச் செருகினால், கடிதத்தில் <இன்னார்> என்று அடைப்போடு வந்து உட்காரும். பார்க்க எழுத்துபோல இருந்தாலும் அது முழுதாக ஒரே பொருள். ஒருமுறை கிளிக் செய்தால் தலை முதல் வால் வரை மொத்தமும் பிடிபடும். தட்டச்சு செய்கிற முதல் எழுத்திலேயே அது மறைந்து, பெயர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பேக்ஸ்பேஸைத் தட்டித் தட்டி அழிக்கிற வேலையும் இல்லை, அழித்ததில் ஒரு மெய்யெழுத்து மிச்சம் நிற்கிற ஆபத்தும் இல்லை. வகையைப் படம் என்று வைத்தால், கிளிக் செய்ததும் போட்டோ தேர்ந்தெடுக்கும் பெட்டியே திறக்கும். ரெஃபரன்ஸ் என்ற கட்டத்தில் எழுதுகிற குறிப்பு, மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரியும். அதை வீணாக்காதீர்கள், பிறகு உதவும்.

எல்லாம் முடிந்ததும் சாதாரணக் கோப்பாகச் சேமிக்காமல் டெம்ப்ளேட்டாகச் சேமிக்க வேண்டும். ரைட்டரில் அதன் பின்னொட்டு ஓ.டி.டி. சினிமா பார்க்கிற ஓடிடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரட்டைக் கிளிக் செய்தால் மூலம் திறக்காது, பெயரிடாத புதுப் பிரதி ஒன்றுதான் திறக்கும். போன ஆளின் அப்பா பெயர் உள்ளே நுழையும் வழி இங்கேயே அடைபட்டுவிடுகிறது.

வேர்டில் கதை சற்று வேடிக்கையானது. 'மேக்ரோபட்டன்' என்று அதில் ஒரு ஃபீல்டு உண்டு. இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு மேக்ரோவை, அதாவது சின்ன நிரலை, ஓட்டுவதற்காக உண்டானது. ஆனால் ஒற்றைக் கிளிக்குக்கு அந்த ஃபீல்டு முழுதாகப் பிடிபடுகிறது என்பதைக் கவனித்த யாரோ, ஓட்டுவதற்கு இல்லாத ஒரு மேக்ரோவின் பெயரைக் கொடுத்தார்கள். 'நோமேக்ரோ' என்று எழுதுவது வழக்கம். ஓடுவதற்கு ஒன்றுமில்லாததால் எதுவும் ஓடாது, நிரப்புவதற்கு இடம் மட்டும் கிடைக்கும். நம்மூர்க் கைவேலைதான் போங்கள். ஒரே நிபந்தனை, குறிப்பு வாசகம் ஒரு வரிக்குள் அடங்க வேண்டும். 2007 வேர்டில் கன்டென்ட் கன்ட்ரோல் வந்தபிறகு இந்தத் தந்திரத்துக்கு அவசியம் குறைந்துவிட்டது. தேதிக்குக் காலண்டர், மாவட்டத்துக்குப் பட்டியல் என்று அதில் இடத்துக்கு ஏற்ற வகைகள் உண்டு. 2022-இல் வந்த லிப்ரே ஆபீஸ் 7.4-உம் அதைச் சேர்த்துக்கொண்டது.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் கோடிட்ட இடம் போடுகிறவருக்குத்தான் உண்மையான சோதனை. ஆங்கிலத்தில் பெயர் தனியாக நிற்கும், உருபு முன்னால் நிற்கும். நமக்கோ உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டும்போது பெயரையும் மாற்றுகிறது. வார்ப்புருவில் '<ஊர்>இல்' என்று போட்டுவிட்டால் சித்தூர்க்காரருக்கே 'சித்தூர்இல்' என்று நிற்கும். திருப்பதிக்காரருக்கு 'திருப்பதிஇல்' என்று வரும். குப்பத்துக்காரர் பாடு இன்னும் மோசம், 'குப்பம்இல்'. முருகனுக்கு, சரளாவுக்கு, ஆறுமுகத்துக்கு என்று மூன்று பெயருக்கு மூன்று வால். எந்த மென்பொருள் ஃபீல்டும் தானாக இந்தப் புணர்ச்சியைச் செய்து தராது.

வழி ஒன்றுதான். கோடிட்ட இடத்தில் வருகிற சொல் எப்போதும் எழுவாய் வடிவில் தனியாக நிற்கும்படி வாக்கியத்தை வளைக்க வேண்டும். உருபைத் தாங்க வேறொரு சொல்லைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். '<இன்னார்> என்பவருக்கு', '<இன்ன ஊர்> என்னும் ஊரில்', '<இன்னார்> அவர்களுக்கு'. பத்திரம் எழுதுகிறவர்களின் 'என்பவர்', 'ஆகிய', 'மேற்படி' எல்லாவற்றையும் நாம் கேலி செய்திருக்கிறோம். வார்ப்புரு செய்ய உட்கார்ந்த அன்றுதான் அவை எதற்காகப் பிறந்தன என்று எனக்குப் புரிந்தது. ஆணா பெண்ணா என்ற சிக்கலையும் 'அவர்' தீர்த்துவிடுகிறது. தெலுங்கில் இந்த வேலையைக் 'காரு' செய்கிறது. பெயர் எதுவானாலும் பின்னால் 'காரிகி' போட்டால் போதும், உருபு காருவின் தலையில் ஏறிக்கொள்ளும். தமிழின் இன்னாருக்குத் தெலுங்கில் 'ஃபலானா' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் தமிழ்க் கடிதத்தில் தவறிப்போய் விட்டுவிடாதீர்கள், நம் காதுக்கு அர்த்தம் வேறு.

இந்த வித்தையைப் பார்க்க வேண்டுமானால் திருமலைக் கோயில் சுவர் போதும். திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை தமிழில். 1930களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள் நாலைந்தை வரிசையாகப் படித்தால், ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிற உணர்வு வரும். சகாப்தம் இத்தனையின் மேல் செல்லாநின்ற இன்ன சம்வத்சரத்து, இன்ன நாயிற்று, இன்ன பட்சத்து, இன்ன கிழமையும் பெற்ற இன்ன நட்சத்திரத்து நாள், திருமலையில் ஸ்தானத்தாரோம், இன்னார்க்குச் சிலாசாசனம் பண்ணிக்கொடுத்தபடி... பிறகு கொடுத்த பொன் எவ்வளவு, ஊர் எது, எந்த நாளில் என்ன படையல் என்ற விவரம். கடைசியில் கோயில் கணக்கு திருநின்றவூருடையான் எழுத்து, ஸ்ரீவைஷ்ணவ ரட்சை. மாறுவது ஆண்டும் ஆளும் அளவும்தான். ஆண்டின் பெயருக்குப் பின் சம்வத்சரம் வந்து நின்று வேற்றுமைச் சுமையைத் தாங்குகிறது. ஆங்கீரசமானாலும் ஸ்ரீமுகமானாலும் அதன் பெயர் குலைவதில்லை. 1513-இல் முதல் தடவை மலையேறிய கிருஷ்ணதேவராயரின் கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வெட்டப்பட்டன. கல்லில் அன்டூ கிடையாது. மாற்றக்கூடாததை முன்பே முடிவுசெய்துகொண்டுதான் உளியை எடுத்திருக்க வேண்டும்.

மறுபடி நம் டிடிபி கடைக்கு வருவோம். எழுத்துரு விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. ரைட்டர் தமிழையும் தெலுங்கையும் சிக்கலான எழுத்துமுறை என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. அளவை 14 என்று மாற்றியும் ஆங்கிலம் மட்டும் பெரிதாகித் தமிழ் அப்படியே நின்றால், ஸ்டைலில் அந்த வகைக்கு உரிய எழுத்துரு அளவைத் தனியாக மாற்ற வேண்டும். நிரப்பாமல் விட்ட இடங்களை அச்சில் வெற்றாக விடும்படியும் ரைட்டரில் அமைக்கலாம். நான் அமைப்பதில்லை. <இன்னார்> என்று காகிதத்தில் பளிச்சென்று அச்சானால்தான் கையெழுத்துக்கு முன் யாராவது பார்ப்பார்கள்.

சித்தூர், நகரி, குப்பம் பக்கத்துத் தமிழர்களுக்கு வேறொரு தொல்லை. பெயர் என்று மட்டும் கோடு போட்டால் போதாது. நாம் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போடுவோம், தெலுங்குப் படிவம் கேட்பது 'இன்ட்டிபேரு', அதாவது வீட்டுப்பெயர். மவுஸை வைத்தால் தெரியும் அந்தக் குறிப்பில் 'முன்னெழுத்தை விரித்து எழுதவும்' என்று சொல்லிவிட்டால் பாதித் திருத்தம் மிச்சம். ஒரே கடிதத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் தருகிற வார்ப்புருவில் தேதியையும் மனு எண்ணையும் ஒருமுறை நிரப்பி இரண்டு பக்கமும் வரவைக்கலாம். பெயரை மட்டும் இரண்டு தடவை அடித்தாக வேண்டும். தமிழில் ஆறுமுகத்துக்கு ஒரே 'க'தான். தெலுங்கில் நாலு 'க' இருக்கிறது, எந்தக் 'க' என்று கடைக்காரர் கேட்கிறார். அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் குறிப்பை மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்: 'ஆதாரில் உள்ள எழுத்துப்படி'.