செங்கோட்டைக் கணவாய்: வழி ஒன்று, சரக்கு பல

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய்க்கு அடுத்துப் பேசப்படும் திறப்பு செங்கோட்டைக் கணவாய். செங்கோட்டையிலிருந்து புளியரை வந்து, வளைந்து வளைந்து மலையேறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் கடற்கரைக்கு இறங்குகிறது பாதை. கிழக்குச் சரிவில் விழும் மழை அனுமன் நதியாகச் சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் கலக்கிறது. மேற்குச் சரிவின் தண்ணீர் கல்லடையாற்றில் இறங்கி அஷ்டமுடிக் காயலுக்குப் போகிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் இந்தத் திறப்பு வழியாக நுழைகிறது. குற்றாலத்துச் சாரல் அதன் கொடை. மலைக்குக் கிழக்கே பொட்டல்களில் நிற்கும் காற்றாலைகளும் அதை நம்பியே சுழல்கின்றன.

இவ்வழியே நடந்த வணிகத்தின் பழைய தடத்தைக் கோயில்களில் பார்க்கலாம். ஆரியங்காவு ஐயப்பனின் தேவி புஷ்கலை. மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குப் பட்டு கொண்டுபோன சௌராஷ்டிர வணிகரின் மகள் அவள் என்பது ஐதிகம். வனவிலங்குகளுக்குப் பயந்து தந்தை அவளைக் கோயிலில் விட்டுச் சென்றார் என்கிறது கதை. இன்றும் மார்கழித் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராகப் போகிறார்கள், தேவஸ்வம் அவர்களைச் சம்பந்திகளாக வரவேற்கிறது. கதை எவ்வளவு பழையதோ, இவ்வழியில் துணி விற்கப் போனவர்கள் இருந்தார்கள் என்பதை அது மறக்கவிடவில்லை.

செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். பக்கத்தில் இருக்கும் தென்காசியோ பிரிட்டிஷாரின் திருநெல்வேலி ஜில்லா. இடையில் சவுக்கை எனப்பட்ட சுங்கச்சாவடிகள் இருந்தன. திருவிதாங்கூரில் புகையிலை அரசின் தனியுரிமைச் சரக்கு, கஜானாவுக்குப் பெரிய வருமானம். விலை வித்தியாசம் இருந்தால் காட்டுத்தடமும் கண்டுபிடிக்கப்பட்டுவிடும். மலைப்பாதைகளில் புகையிலைக் கடத்தல் நின்றபாடில்லை. சென்னை அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் 1865-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லைச் சுங்கத்தைப் பெருமளவு நீக்கிய பிறகே மாட்டு வண்டிகள் ஓரளவு தடையின்றி மலை கடந்தன. அந்தச் சமஸ்தான எல்லையை அரசியலும் கடந்தது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், வேலை பார்த்தது புனலூர் வனத்துறையில்.

கணவாயின் பொற்காலம் ரயிலோடு வந்தது. திருநெல்வேலியிலிருந்து மீட்டர்கேஜ் பாதை 1902-இல் கல்லிடைக்குறிச்சியையும் 1903-இல் செங்கோட்டையையும் தொட்டது. 1904 நவம்பரில் மலையைக் குடைந்து கொல்லத்தோடு இணைந்தது. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையிலான ஏறத்தாழ 49 கிலோமீட்டரில் குகைகளும், கழுதுருட்டியில் கல்லால் கட்டிய பதின்மூன்று கண் பாலமும் வருகின்றன. திருவிதாங்கூரின் முதல் ரயில் இப்படித் தமிழகத்துப் பக்கமிருந்து வந்தது. தலைநகரான திருவனந்தபுரத்துக்கு 1918-இல்தான் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது. கொல்லம் வடக்கே எர்ணாகுளத்தோடு ரயிலில் இணைந்ததோ 1958-இல். அதுவரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, தென்திருவிதாங்கூரிலிருந்து ரயிலில் வெளியூர் போகச் செங்கோட்டையே வாசல்.

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டைத் தாலுகாவையே எல்லைக்கோடு இரண்டாக்கியது. செங்கோட்டையும் புளியரையும் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தன. ஆரியங்காவும் தென்மலையும், அவற்றைச் சூழ்ந்த காடும், கேரளத்தில் நின்றன. செங்கோட்டையின் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை மட்டும் தங்கிவிட்டது. எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் பழைய வழி அதைக் கேட்பதில்லை. அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி ஆண்டுதோறும் மார்கழியில் புனலூரிலிருந்து கிளம்புகிறது. கிளம்பும் இடமும் சேரும் இடமும் கேரளம், ஆனால் வழி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி. இரு மாநிலப் போலீஸாரும் காவலுக்கு வருகிறார்கள், தென்காசியில் கூட்டம் கூடி வரவேற்கிறது.

செங்கோட்டையின் முக்கியத்துவத்தைக் குறைத்தது எல்லைக்கோட்டைவிட எர்ணாகுளம் பாதைதான் என்று சொல்ல வேண்டும். எல்லை பிரிந்து இரண்டே ஆண்டில் கொல்லத்துக்கு வடக்கு வழி திறந்தது. 1976-இல் எர்ணாகுளம்–திருவனந்தபுரம் தடம் அகலப்பாதையானதும் மலைவழி மீட்டர்கேஜ் கிளைப்பாதையாகச் சுருங்கிப்போனது. பயணம் செய்கிறவர்களுக்கு ஒரு மலையூரைத் தாண்டிப் போக வேண்டிய தேவை இருக்கும்வரைதான் அந்த ஊருக்கு வாழ்வு. அகலப்பாதைப் பணிக்காக 2010 செப்டம்பரில் ரயில் நின்றது. குகைகளை அகலப்படுத்தி, கல்பாலங்களைப் பலப்படுத்தி முடிக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 2018-இல் மறுபடியும் ரயில் ஓடியது. திருநெல்வேலிக்கும் பாலக்காட்டுக்கும் ஓடிய பாலருவி விரைவு ரயில் இப்போது தூத்துக்குடிவரை போகிறது.

சரக்கோ பெரும்பாலும் சாலையில் போகிறது. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் சந்தைகளின் காய்கறி லாரிகள் மலையேறுகின்றன. ஓணத்துக்கு முந்திய வாரங்களில் விலை ஏறுவதும் விவசாயி கொஞ்சம் காசு பார்ப்பதும் இவ்வூர்களில் வழக்கம். வைக்கோலும் மாடும் கல்லும் எம்-சாண்டும் மேற்கே போகின்றன. கேரளத்தில் குவாரிக் கெடுபிடி கூடக்கூடத் தென்காசி, நெல்லைப் பாறைகளுக்குக் கிராக்கி கூடுகிறது. பாறை தீர்ந்த பள்ளமும் நொறுங்கிய சாலையும் இங்கேயே இருக்க, கட்டடம் அங்கே எழும்புகிறது. ரேஷன் அரிசிக் கடத்தலும் உண்டு.

மனிதருக்கு வழியாக இருப்பது யானைக்கு வேலி. கணவாய்க்கு வடக்கே பெரியாற்றுக் காடு, தெற்கே அகத்தியமலைக் காடு. நெடுஞ்சாலை 744-ம் ரயிலும் குடியிருப்புகளும் ரப்பர், தேக்குத் தோட்டங்களும் நடுவில் அமர்ந்து இரண்டையும் பிரிக்கின்றன.

காட்டுக்கு இடையூறு வழி மட்டும் இல்லை. தெற்கே பொதிகையில் நெடுஞ்சாலை எதுவும் மலையைக் கடந்து அப்பால் இறங்கவில்லை. அங்கே வளர்ச்சி தேயிலையாக வந்தது. சிங்கம்பட்டி ஜமீனின் 8,374 ஏக்கரை 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த பாம்பே பர்மா நிறுவனம் மாஞ்சோலையை உருவாக்கியது. கூலி கேட்டுப் போராடியவர்களின் பேரணி 1999 ஜூலை 23-இல் நெல்லையில் தடியடியில் சிதறியது. 17 பேர் தாமிரபரணியில் இறந்தார்கள். குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே, 2024-இல் நிறுவனம் தொழிலை முடித்துக்கொண்டது. தலைமுறைகளாக அங்கேயே இருந்த தொழிலாளர்கள் இறங்கிப்போக வேண்டிய நிலை.

கணவாய்ச் சரக்குக்குத் திரும்பினால், எதிர்த்திசையில் கேரளத்திலிருந்து வரும் சரக்குகளில் ஒன்று கழிவு. 2024 டிசம்பரில் கோடகநல்லூர், நடுக்கல்லூர், பழவூர்ப் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டது. மூன்று நாளில் அள்ளிப்போகும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22-இல் கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளினார்கள். புளியரைச் சோதனைச்சாவடியில் இப்போது மேற்கே போகும் லாரியில் அரிசியும் கல்லும் தேடப்படுகின்றன, கிழக்கே வரும் லாரியில் குப்பை.